மலை மேல் போட்ட பழி

எங்கள் லாரல் ஓடைப் பக்கம் எது கெட்டுப்போனாலும் மலையைத்தான் திட்டுவோம். தக்காளி பழுக்கவில்லையா, மலை. தபால் வண்டி தாமதமா, மலை. டிவி புள்ளி புள்ளியாகத் தெரிந்த காலத்தில் என் புருஷன் உச்சி வரைக்கும் கம்பி இழுத்துப் போய் மரத்தில் ஆன்டெனா கட்டினான். காற்றடிக்கும்போதெல்லாம் அவன் மேலே ஏறித் திருகுவான், நான் வாசலில் நின்று, தெரிகிறது, தெரியவில்லை என்று தொண்டை கிழியக் கத்துவேன். அவனையும் அந்த உச்சியிலேயே புதைத்தாகிவிட்டது. கம்பி இன்னும் புதருக்குள் கிடக்கிறது. அதனால் வனெட்டாவின் ஃபோனில் படம் வராதபோது நாங்கள் யாரைச் சந்தேகப்பட்டிருப்போம் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

வனெட்டா என் பக்கத்து வீட்டுக்காரி. நடை பழகும் முன் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் அவளுக்கு வேலை. அங்கே இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் மற்றவர்களுக்குத் தலைவலி, இவள் மட்டும் நிம்மதியாக விரிப்புகளை மடிப்பாள். உலக்கை மாதிரிக் கை. சிரித்தால் அவள் சிரிப்பு எவ்வளவு பெரிசு என்று அவளுக்குத் தெரியாது. ஒருமுறை சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே யாரோ தும்மிப் பல்செட் விழுந்ததைப் பார்த்துச் சிரித்தாள். பாதிரியாருக்கு நரகத்தில் எந்த இடம் வரை வந்தோம் என்பதே மறந்துபோனது.

என் வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்ட மாட்டாள். தரையைக் காலால் உதைப்பாள். எனக்குக் காது கேட்கும் என்பது அவள் நினைவில் நிற்பதே இல்லை. கை பேச்சை நான் அவளிடம்தான் கற்றேன். பள்ளிக்கூடம் போகாத எனக்கு எழுத்தைவிட அது சுலபமாக வந்தது. எனக்கு அவள் வைத்த பெயர், உதட்டோரம் இரண்டு விரலைத் திறந்து திறந்து மூடுவது. வாய் ஓயாதவள் என்று அர்த்தம். அந்த வாயைத்தான் அவளுடைய டாக்டருக்கும் மின்சாரக் கம்பெனிக்கும் ஃபோன் பேச வைத்துக்கொள்வாள். அவள் கையால் சொன்னதை வாயால் சொன்னது போலவே இங்கே சொல்லிப் போகிறேன்.

அவள் புருஷன் ஹோபர்ட்டுக்குக் காது நன்றாகக் கேட்கும், நுரையீரல்தான் இல்லை. நிலக்கரித் தூள் தின்றுவிட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் பெட்டி. அவனை விட்டு அவளால் ஒரு பகலுக்கு மேல் எங்கும் போக முடியாது.

போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. ஒஹாயோவில், டேட்டனில், ஆர்டித் இருந்தாள்.

காது கேளாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். காவல்காரி விளக்கை அணைத்த பிறகு ஒருத்தி உள்ளங்கையில் மற்றவள் விரலால் எழுதிப் பேசிக்கொண்டே கிடப்பார்களாம். வனெட்டாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் நிறைய. ஒருவருக்கும் கை பேச்சு தெரியாது. கூடப்பிறந்தவள் யார் என்று கேட்டால் அவள் ஆர்டித்தைத்தான் காட்டுவாள்.

ஆர்டித் பிறவியிலேயே காது கேளாதவள். கூடவே கண்ணும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டு வந்தது. சுற்றிலும் இருட்டு, நடுவில் மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலத் தெரியும். கோடையில் மகள் மார்லா அவளை இங்கே கூட்டி வருவாள். வந்ததும் ஆர்டித் வனெட்டாவைக் கட்டிப்பிடிப்பாள், அப்புறம் நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளுவாள். தள்ளிப் போ, இன்னும் போ. தூரத்தில் நின்றால்தான் முகமும் கையும் சேர்ந்து அந்தக் குழாய்க்குள் அடங்கும். கடைசியாக வந்தபோது வனெட்டா சமையலறைக்கு வெளியே, கோழிக்கூட்டுப் பக்கத்தில் நின்று பேச வேண்டியிருந்தது. அங்கிருந்து முகம் சின்னதாகிவிட்டது, விரல் தெரியவில்லை.

அப்போதுதான் மார்லா தன் ஃபோனை எடுத்தாள். முன்பக்கமும் கேமரா வைத்த புது வகை. கோழிக்கூட்டிலிருந்து வனெட்டாவை அதில் காட்டினாள். ஆர்டித் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். 

"முழுசா இருக்கடி," என்றாள். "மூக்கு, கை, அந்த அசிங்கமான சட்டை, எல்லாம் இருக்கு. உன்னை இப்படிப் பாத்து எத்தனை காலமாச்சு. இதை வாங்கு. உடனே வாங்கு."

நடுவில் இருக்கிற அந்தத் துளி வெளிச்சமும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வருஷம் நிற்கலாம், கூடவும் நிற்கலாம், சொல்வதற்கில்லை. அது இருக்கும்வரை பேசிவிட வேண்டும். வேறு எதுவும் அவர்கள் கேட்கவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் இணையக் கம்பி கிடையாது. ஒரே ஒரு கம்பெனியின் டவர்தான் எட்டும். அந்தக் கம்பெனிக் கடையில் இருந்தவன் டெல்மர், ஹோபர்ட்டின் சித்தப்பா மகன். இருவரும் ஒரே சுரங்கத்தில் கிடந்தவர்கள். சுரங்கம் மூடியதும் இவன் கழுத்தில் டை கட்டிக்கொண்டான்.

"அந்த ஃபோன் எங்கடா?" என்று கேட்டேன்.

"வருது அத்தை. கம்பெனி சோதிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு."

"மார்லா கையில இருக்கே. அவ கம்பெனிக்காரன் சோதிக்காமயா குடுத்தான்?"

"அது வேற கம்பெனி. எங்க டவருக்கு ஒத்து வரணும்ல. வசந்தத்துல வந்துரும்."

சுவரில் அந்த ஃபோனின் படத்தை ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தார்கள், விரைவில் என்று. வசந்தம் வந்தது. காட்டுப்பூண்டு முளைத்தது, பிடுங்கித் தின்றோம். ஃபோன் வரவில்லை. கோடை முடியட்டும் என்றான். வனெட்டா அவனுக்கும் கை பேச்சில் ஒரு பெயர் வைத்தாள். கைக்கடிகாரத்தைத் தட்டுவது, பிறகு கொட்டாவி விடுவது. அது தன் பெயர் என்று தெரியாமல் அவனும் சிரித்து வைத்தான்.

கடைசியில் வான்கோழி தின்கிற பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. கம்பெனி சோதித்த லட்சணத்தை வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தோம். கார்ப் பந்தயம், பாட்டுக் கடை, வழிகாட்டி என்று வேண்டாதது எல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தது. அழிக்கவும் முடியாது. வேண்டியது ஒன்று. ஆர்டித்தின் படத்தைத் தொட்டால் ஒரு வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு முடியாது என்று வந்துவிடும்.

டெல்மரைக் கூப்பிட்டேன்.

"மலைதான் அத்தை," என்றான். "அந்தப் பள்ளத்துல எப்படி வரும்? உயரத்துக்குப் போய்ப் பாருங்க."

ஹோபர்ட் தலையை ஆட்டினான். "நான் அப்பவே நினைச்சேன்."

உயரம் என்றால் உச்சியில் இருக்கிற குடும்பக் கல்லறை. எங்கள் பக்கம் செத்தவர்களுக்குத்தான் நல்ல காட்சி உள்ள இடத்தைக் கொடுப்போம். வனெட்டா மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டாள், நான் மூச்சிரைக்கப் பின்னால் போனேன். மேலே ஃபோனில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து நின்றன. ஆர்டித்தைத் தொட்டாள். வட்டம் சுற்றியது. என் புருஷன் தலைமாட்டில் நின்று இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கோடு முழுசா இருக்கே," என்றாள் வனெட்டா. "அப்புறம் என்னவாம் இதுக்கு?"

வெயில் நாளில் போனோம், பனி நாளில் போனோம். நாற்காலியை ஒவ்வொரு கல்லறையாக மாற்றிப் போட்டோம். அவள் மாமனார் மேல் உட்கார்ந்தால் வருமா, சின்ன மாமியார் மேல் உட்கார்ந்தால் வருமா என்று. ஆர்டித்தின் செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. எழுத்தைப் பெரிசாக அனுப்பு. அப்புறம், இன்னும் பெரிசாக அனுப்பு. அப்புறம், ஒரே வார்த்தையாக அனுப்பு, மற்றது ஓரத்தில் போய்விடுகிறது.

அந்தச் செய்தி வந்த அன்று ஹோபர்ட் ஜன்னல் வழியாக உச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"டவர் எந்தப் பக்கம் இருக்கு ஓபல்?" என்று என்னைக் கேட்டான்.

"கிழக்கால."

"அந்தப் பாப்ளர் மரம் நடுவுல நிக்குது."

கல்லறை முழுவதுக்கும் நிழல் கொடுத்த மரம் அது. அவன் தாத்தா நட்டது. பூ வைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதன் கீழேதான் போர்வை விரித்துக் கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் தின்பார்கள். அவனையும் அதன் கீழேதான் வைக்கப் போகிறோம் என்று எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"இலையே இல்லையேப்பா இப்ப," என்றேன்.

"கட்டை இருக்குல்ல. வெட்டிருங்க."

"உன் தாத்தா நட்டதுடா."

"தாத்தா யார்கிட்டயும் பேச வேண்டியதில்லை. அவ பேசணும்."

வனெட்டா வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்தாள். அவன் கேட்கவில்லை. டெல்மர் தன் இயந்திர ரம்பத்தைக் கொண்டுவந்தான். டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு அவனே அறுத்தான். மரம் விழுந்தபோது பூமி அதிர்ந்தது. வனெட்டாவுக்கு அது காலில் கேட்டிருக்கும். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அடிக்கட்டையின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஆர்டித்தைத் தொட்டாள். வட்டம் சுற்றியது.

மரத்தைப் பற்றி ஆர்டித்திடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சொன்னாள். "தன்னாலதான்னு நினைப்பா."

ஏப்ரலில் ஹோபர்ட்டை மார்பு டாக்டரிடம் காட்ட மூன்று பேருமாக டவுனுக்குப் போனோம். முடிந்ததும் எதிரே இருக்கிற ஹாம்பர்கர் கடையில் உட்கார்ந்தோம். மேசை துடைத்த பெண், இங்கே இணையம் சும்மா கிடைக்கும், வேண்டுமானால் போட்டுத் தருகிறேன் என்று வனெட்டாவின் ஃபோனை வாங்கி ஏதோ தட்டிக் கொடுத்தாள். ஹோபர்ட் கூடைப்பந்து முடிவு பார்க்க ஆசைப்பட்டான். பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று ஃபோனை அவள் பக்கம் நீட்டினான். ஆர்டித் கூப்பிடுகிறாள். தினமும் ஒரு தடவை சும்மா தட்டிப் பார்ப்பாளாம், நம்பிக்கைக்கு.

வனெட்டா தொட்டாள். வட்டம் சுற்றவில்லை. ஆர்டித் வந்துவிட்டாள்.

மங்கல் இல்லை, புள்ளி இல்லை. அவள் சமையலறை, பின்னால் சுவரில் தொங்குகிற வாணலி, எல்லாம். வனெட்டா போட்ட சத்தத்தில் கடையே திரும்பியது. ஒருத்தி குழந்தையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை முறைச்சுப் பாத்தது போதும், பேசு," என்றாள் ஆர்டித். "கையைச் சின்னதா ஆட்டு. தாடைகிட்ட வச்சுக்க. ஆங், அப்படித்தான். நீ குண்டாயிட்ட."

"பண்டிகைக்குத் தின்னது. உனக்கு நான் முழுசா தெரியறனா?"

"கன்னம் கொஞ்சம் வெளிய போகுது. அது கண்ணு கோளாறு இல்லை, கன்னத்துக் கோளாறு."

உருளை வறுவல் ஆறிப் போகும்வரை பேசினார்கள். விடுதிக் காவல்காரியின் பொய்முடி, மார்லாவின் புது ஆள், வனெட்டாவின் மேற்பார்வையாளி. ஹோபர்ட் கூட எட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே கெட்ட வார்த்தையைக் கையால் சொன்னான். ஆர்டித் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் கேட்டாள்.

"மலை மறைக்குதுன்னீங்களே. இன்னைக்கு மலை எங்க போச்சு?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அந்தக் கடையும் மலைக்கு அடியில்தான் இருக்கிறது.

ஆர்டித் பேசி முடித்துப் போன பிறகு டெல்மர் மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே வந்தான். டை சாஸில் படாமல் இருக்கத் தோள் மேல் தூக்கிப் போட்டிருந்தான். நான் கை காட்டினேன்.

"டெல்மர், இங்க படம் வந்துச்சுடா. சுத்தமா வந்துச்சு."

"அது இந்தக் கடையோட இணையம் அத்தை. அதுல எல்லாம் வரும்."

"அப்ப மலை?"

அவன் ஹோபர்ட்டைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. "டவர் வழியா முகம் பாத்துப் பேசறதை கம்பெனி அடைச்சு வச்சிருக்கு."

"அடைச்சுன்னா?"

"போக விடாது. டவருக்கு சக்தி இருக்கு, ஃபோனுக்கும் இருக்கு. புதுத் திட்டத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் திறந்து விடுவாங்க."

"அந்தத் திட்டத்துல போட்டு விடு."

"அது நம்ம மாவட்டத்துக்கு இன்னும் வரலை."

என் வாயில் இருந்த ரொட்டியை விழுங்க மறந்துபோனேன். ஹோபர்ட்டின் பெட்டி உஸ் உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"நீதானடா மலைன்னு சொன்ன."

"மலை ஊர்ல யாராவது கேட்டா முதல்ல மலைன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. ஜனங்க நம்பிருவாங்க, மேல கேக்க மாட்டாங்கன்னு. அப்ப நானும் நம்பினேன் அத்தை. நானும் இந்த ஓடைக்காரன்தானே. பனிக்காலம் முடியறப்ப பயிற்சிக்குக் கூப்பிட்டாங்க, அங்கதான் அடைச்சு வச்ச கதையே தெரிஞ்சுது."

"பனிக்காலம் முடிஞ்சு பூ பூத்தாச்சு. ஏன் வந்து சொல்லலை?"

"மரத்தை நான்தானே அறுத்தேன்," என்றான். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்து சொல்லுவேன்?"

வனெட்டா எங்கள் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன, என்ன என்று மேசையைத் தட்டினாள். அவளுக்கு எல்லாவற்றையும் அதுவரை கையால் சொல்லியிருக்கிறேன், அவள் அம்மா செத்த செய்தியைக்கூட. இது கைக்கு வரவில்லை. மலை இல்லை என்று காட்டினேன்.

"சரி, மலை இல்லை. மரமா?"

"மரமும் இல்லை. கம்பெனி வேணும்னே பூட்டி வச்சிருக்கு."

அவள் மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன். கோபப்படுவாள், டெல்மரை அந்தக் கையால் ஒன்று வைப்பாள் என்று நினைத்தேன். அவள் ஃபோனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள், பூட்டு எங்காவது கண்ணில் படும் என்பது போல. பிறகு ஹோபர்ட்டைப் பார்த்து ஒரே கையால் ஒரே ஒரு சைகை செய்தாள். முழங்கையை மேசையில் ஊன்றி விரலை விரித்து, சாய்த்துப் படுக்க வைத்தாள். மரம் விழுந்தது. ஹோபர்ட் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு பெண் வந்தாள், குரலில் தேன் ஒழுக.

"உங்க பகுதியோட நில அமைப்பு காரணமா சில சேவைகள் தடைபடலாம் மேடம்."

"நில அமைப்பை வெட்டிச் சாய்ச்சாச்சும்மா. இன்னும் என்ன வெட்டணும்னு சொல்லு."

"புரியலை மேடம்."

"நீங்க பூட்டினதைத் திறங்க."

"உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கறேன். வேற ஏதாவது உதவி வேணுமா?"

 ஃபோனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சில தடவை ஹாம்பர்கர் கடைக்குப் போனோம். மழைக்கு ஓடை பெருகிப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது, சுற்று வழி ஆனது. ஹோபர்ட்டுக்கும் மோசமாகி, வனெட்டாவால் அவன் கட்டிலை விட்டு நகர முடியவில்லை. ஃபோன் அவன் தலையணைப் பக்கத்தில் கோடு நிறைய வைத்துக்கொண்டு கிடந்தது. பாலம் கட்டி முடிக்கும் முன் மார்லாவின் செய்தி வந்தது. அம்மாவுக்கு நடுவில் இருந்ததும் போய்விட்டது. காலையில் காப்பிக் கோப்பையைத் தேடினாள், அது கைக்கு முன்னாலேயே இருந்தது.

வனெட்டா அதை எனக்குக் காட்டிவிட்டு விரிப்புகளை மடிக்கப் போனாள். வீட்டு விரிப்புகள், மடித்திருந்தவைதான். பிரித்து மடித்தாள்.

காட்டில் பாப்ளர் இலை மஞ்சளாகிற காலத்தில், ஹோபர்ட் தூங்கிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், வனெட்டா என் வீட்டுத் தரையை உதைத்தாள். ஃபோனை நீட்டினாள், வாசிக்கத் தெரியாதவளிடம். அப்புறம் கையால் சொன்னாள். கம்பெனி அனுப்பிய நல்ல செய்தியாம். இனி எல்லா வாடிக்கையாளரும் முகம் பார்த்துப் பேசலாமாம். புது டவர் வைக்கவில்லை, ஒரு ஆள் வந்து ஒரு திருகு திருகவில்லை. ஃபோனும் அதே ஃபோன். ராத்திரி பூட்டியிருந்தது, காலையில் திறந்திருந்தது.

"வீட்டுக்குள்ளயே வருமே, இங்க உக்காரு," என்றேன்.

"மேல போகலாம்," என்றாள்.

நாற்காலியை எடுக்கவில்லை. அடிக்கட்டை மேல் உட்கார்ந்தாள். தொட்டாள். உடனே மார்லா வந்தாள், நகர்ந்து தன் அம்மாவைக் காட்டினாள். ஆர்டித் எங்களைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். தலை வாரியிருந்தாள், உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள்.

"இருக்கியாடி?" என்றது அவள் கை.

வனெட்டா பதில் சொன்னாள், தாடைக்குப் பக்கத்தில், கையைச் சின்னதாக வைத்து. அப்படிச் சொல்ல வேண்டியதே இல்லை. மார்லா அதைப் பார்த்துத் தன் அம்மாவின் உள்ளங்கையில் விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ஆர்டித்தான் கற்றுக் கொடுத்திருக்கிறாள். பிள்ளைக்கு இன்னும் வேகம் வரவில்லை. ஆர்டித் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள், பிறகு சிரித்தாள்.

"இவ விரல் ஈ ஊர்ற மாதிரி இருக்கு. உன்னோடது உளி. எங்க உக்காந்திருக்க?"

"கல்லறையில. மேல."

"வெயில் நல்லா இருக்கா? அந்தப் பெரிய மரத்தடிக்குப் போயிடாத, உன் முகத்துல நிழல் விழும்."

வனெட்டாவின் கை அந்தரத்தில் நின்றது. நான் மார்லாவுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்து, ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன்.  அவள் என்னைத் தள்ளிவிட்டுத் தானே சொன்னாள்.

"நிழலே இல்லைடி இங்க."

மார்லா எழுதினாள். ஆர்டித் ஒவ்வொரு எழுத்துக்கும் தலையசைத்தாள்.

"அப்ப நல்லதாப்போச்சு," என்றாள். "நல்லா தெரிவ."